வாட்டர்கேட்டில் ஒரு மீன்கொத்தி

ஐந்து மாதமாக ஒரே குருவியைப் படம் பிடிக்கிறேன் என்றால் ஆலையில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மலேசியாவில், பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கில் வேறு என்ன பொழுதுபோக்கு இருக்கிறது? செம்பனை ஆலையில் லோரி எடை போடுகிற இடத்தில் எனக்கு வேலை. மதிய ஷிப்டு வரும் வாரங்களில் காலை முழுக்க என்னுடையது. கையில் இருப்பது பழையதாக வாங்கிய நிக்கோன் டி7200, அதோடு ஒரு 70-300 லென்ஸ். பெரிய லென்ஸ் இருந்தால்தான் நல்ல படம் வரும் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். வாங்க வசதி இருந்திருந்தால் இன்னமும் நம்பிக்கொண்டிருப்பேன்.

குருவி, வெண்மார்பு மீன்கொத்தி. சாக்லேட் நிறத் தலை, வெள்ளைக் கழுத்து, முதுகில் பளிச்சென்ற நீலம், பழுத்த மிளகாய் போல ஓர் அலகு. மலாய்க்காரர்கள் சின்ன மீன்கொத்தியை ராஜா ஊடாங் என்பார்கள், இறால் ராஜா. நம்முடையது அளவில் பெரியது, இறாலுக்காகக் காத்திருக்கிற ரகமும் இல்லை. வெட்டுக்கிளி, ஓணான், நண்டு, எது அகப்பட்டாலும் சரி. தோட்டத்து பாரிட், அதாவது வடிகால், ஆற்றில் சேரும் இடத்தில் ஒரு மதகு இருக்கிறது. மதகு என்று சொன்னால் இங்கே யாருக்கும் புரியாது, வாட்டர்கேட் என்றால்தான் தெரியும். துருப்பிடித்த இரும்புச் சட்டம், மேலே கதவைத் தூக்கும் சக்கரம், பக்கத்தில் சிமெண்டுத் தூண். அந்தச் சட்டத்தின் நுனியில் இது தினமும் வந்து உட்காரும்.

காவல்காரரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். செம்பனைக் குலை திருட்டு நடக்கிற காலத்தில், விடியற்காலையில் பையை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் சுற்றுகிறவனை யார் நம்புவார்கள்?

முதல் படத்தை வீட்டு ஹாலில் மாட்டலாம் என்று தெலுக் இந்தானில் ஒரு ஸ்டூடியோவில் 12க்கு 8 அங்குலத்தில் போடக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் பார்க்க அமர்க்களமாக இருந்தது. நீலத்தை ஏற்றியிருந்தேன், கூர்மையை ஏற்றியிருந்தேன். குருவியை மட்டும் வைத்துக்கொண்டு சுற்றியிருந்த எல்லாவற்றையும் வெட்டியிருந்தேன். கேட்டில் வெள்ளைப் பெயிண்டில் போட்டிருந்த நம்பரைக்கூட கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் அழித்திருந்தேன். அழித்த இடம் ஈரத்துணியால் துடைத்த சிலேட் மாதிரி இருந்தது வேறு விஷயம்.

படம் கைக்கு வந்தபோதுதான் குருவியைச் சுற்றி சாக்குக் கட்டியால் கோடு போட்டது போல ஒரு வெள்ளை வரி ஓடுவது தெரிந்தது. அம்மா முப்பது வருசம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் காட்டுக்குப் போய், சத்தத்தை வைத்தே எந்தக் குருவி என்று சொல்லிவிடுவார். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது நம்ம பாரிட்டு குருவியா தம்பி? பாசார் மாலாமுல விக்கிற பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருக்கே," என்றார். பாசார் மாலாம் என்றால் இரவுச் சந்தை.

கோபம் வந்தது. அப்புறம் உட்கார்ந்து பார்த்தால் அவர் சொன்னது சரி. மீன்கொத்தியின் நீலத்தில் நீலச் சாயம் கிடையாது. இறகுக்குள் இருக்கும் பஞ்சு போன்ற நுண்ணிய அமைப்பு நீல ஒளியைச் சிதறவிட்டுத் திருப்பி அனுப்புவதால் வருகிற நிறம் அது. வெயில் பட்டால் எரியும், நிழலில் அடங்கிவிடும். ஏற்கெனவே வெயிலில் எரிந்துகொண்டிருந்த நீலத்தை நான் இன்னும் 40 புள்ளி ஏற்றியிருக்கிறேன். நீல அளவு உச்சத்தில் போய் முட்டிவிட்டது. முட்டிய பிறகு ஒவ்வொரு இறகுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய கோடுகளுக்கு இடம் ஏது? எல்லாம் சேர்ந்து ஒரே நீலத் தகடு. அதுதான் பிளாஸ்டிக்.

மறுவாரம் அதே ஸ்டூடியோவுக்குப் போய், எங்கே தப்பு என்று கேட்டேன். அந்த அண்ணன் அறுபதைத் தாண்டியவர், பிலிம் காலத்தில் இருட்டறையில் நின்றவர். வெட்டாத முழுப் படம் இருக்கிறதா என்றார். சின்னதாகப் போட்டு மேசையில் வைத்தார். பழைய காலண்டர் அட்டையிலிருந்து ட வடிவத்தில் வெட்டிய இரண்டு துண்டுகளை இழுப்பறையிலிருந்து எடுத்தார். ஒன்றை நேராக, இன்னொன்றைத் தலைகீழாகப் படத்தின் மேல் வைத்தால் நடுவில் ஒரு ஜன்னல் கிடைக்கும். இரண்டையும் நகர்த்த நகர்த்த ஜன்னல் பெரிதாகும், சிறிதாகும், பக்கவாட்டில் நீளும். நான் வெட்டியிருந்த அளவுக்கு முதலில் மூடிக் காட்டினார். பிறகு வலப்பக்க அட்டையை மெல்ல இழுத்துக்கொண்டே போனார். சக்கரம் தெரிந்தது, கேட்டின் எண் தெரிந்தது, கீழே பளபளவென்று சேறு தெரிந்தது.

"குருவி எதையோ பாக்குது. அது பாக்குற எடத்தையே வெட்டிட்டியே தம்பி," என்றார்.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து நானும் இரண்டு ட செய்தேன். ட-வின் ஒவ்வொரு கையும் 3 செ.மீ. அகலம், 25 செ.மீ. நீளம். உள்பக்கத்தில் கறுப்புப் பெயிண்ட். சென்டிமீட்டர் கோடும் போட்டுக்கொண்டேன், கணினியில் அதே அளவுக்கு வெட்ட உதவும். இதையே மவுஸால் செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம். ஆனால் திரையில் கண் போய்க் குருவியிலேயே ஒட்டிக்கொள்கிறது, கையும் அதையே சுற்றி இறுக்குகிறது. தாளில் என்றால் படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டு அட்டையை நகர்த்தலாம். அப்போது மீன்கொத்தி மறைந்துபோய், எங்கே கறுப்பு, எங்கே வெளிச்சம், எந்தப் பக்கம் கனம் என்பது மட்டும் கண்ணில் படும். என் படங்களில் பாதி அப்படிப் பார்த்தபோது ஒரு பக்கமாகச் சாய்ந்து விழப்போவது போல இருந்தன.

முதல் படம் ஏன் அவ்வளவு கூர்மையைக் கேட்டது என்பதற்கு வருகிறேன். தோட்டத்தில் தூரம் அளக்க டேப் தேவையில்லை, மரமே போதும். செம்பனை ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் நிற்கிறது. நான் அன்று நின்றது கேட்டிலிருந்து இரண்டு மரத் தூரத்தில், அதாவது 18 மீட்டர். என் கேமராவில் 300 மி.மீ.க்கு அந்தத் தூரத்தில் படத்தின் அகலம் ஏறத்தாழ 1.4 மீட்டர். குருவி 28 செ.மீ. படத்தின் 6000 புள்ளி (பிக்சல்) அகலத்தில் குருவிக்குக் கிடைப்பது 1200 புள்ளிதான். அதைச் சுற்றி இறுக்கி 1800க்கு 1200 என்று வெட்டி, 12 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 150 புள்ளி. நல்ல பிரின்ட்டுக்கு 300 வேண்டும். பற்றாக்குறையைக் கூர்மை போட்டு மூடப் பார்த்தேன், அதுதான் வெள்ளைக் கோடாக வெளியே வந்தது. ஒரு மரத் தூரத்துக்குப் போனால் அதே குருவிக்கு 2400 புள்ளி. லென்ஸுக்குக் கொடுக்க நினைத்த காசில் ஒரு வெள்ளிகூடச் செலவாகாமல் இரட்டிப்பு.

கிட்டே போவது எப்படி? நடந்து போனால் பறந்துவிடும். ஆனால் முன்னாடியே போய் இருந்துகொண்டால் அது தானாக வந்து உட்காருகிறது. ஏழு மணிக்கு முன்னால் போய், உரச்சாக்கைத் தைத்த ஒரு விரிப்பைப் போர்த்திக்கொண்டு வரப்பில் படுத்துவிடுவேன். முதல் நாள் முசுறு எறும்புக் கூட்டத்தின் மேல் படுத்தேன், அன்றைய படங்கள் எல்லாவற்றிலும் நடுக்கம். செம்பனைக் காட்டில் எலி உண்டு, எலி இருக்கிற இடத்தில் நாகம் உண்டு. ஆகவே பூட்ஸும் ஒரு குச்சியும் இல்லாமல் படுப்பதில்லை.

படுப்பதற்குக் காரணம் மறைவு மட்டும் இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதம் ஆனது. குருவி உட்காரும் சட்டம் சேற்றிலிருந்து ஒரு மீட்டர் உயரம். வரப்பில் நான் நின்றால் கண் இரண்டரை மீட்டரில். ஒரு மரத் தூரத்திலிருந்து பார்வை ஒன்றரை மீட்டர் சரிந்து குருவியைத் தொடுகிறது. அதே சரிவில் மேலும் 6 மீட்டர் போனால் சேற்றில் முட்டும். அப்படியானால் குருவிக்குப் பின்னணி என்ன? 6 மீட்டரில் இருக்கும் சேறு, பிளாஸ்டிக் போத்தல், புல், அழுகின மட்டை. எல்லாம் பாதி தெளிவாக, பாதி கலங்கலாக. படுத்துக்கொண்டால் கேமராவும் ஒரு மீட்டர் உயரத்துக்கு வந்துவிடும். பார்வை சரியாமல் நேரே போய், எதிர் வரப்பையும் தாண்டி, நிழலில் நிற்கும் மரங்களில்தான் முடியும். லென்ஸின் துளை அளவை எஃப் 5.6இல் வைத்தால், ஒரு மரத் தூரத்தில் தெளிவாக இருக்கும் ஆழம் 20 செ.மீ.தான், குருவியின் நீளம்கூட இல்லை. பின்னால் இருக்கும் மரமெல்லாம் கரும்பச்சைத் துணி விரித்தது போல ஆகிவிட்டது. பின்னணியை மங்கலாக்க கம்ப்யூட்டரில் நான் செலவழித்த இரவுகளை நினைத்தால் வயிற்றெரிச்சல்.

ஆழம் 20 செ.மீ. என்பதால் இன்னொன்றும் இருக்கிறது. குருவி நம்மை நேரே பார்த்து உட்கார்ந்தால் அலகும் வாலும் ஒரே சமயத்தில் தெளிவாக வராது. ஃபோகஸ் கண்ணில்தான். கண் மங்கினால் மற்றது எப்படி இருந்தாலும் அந்தப் படம் எனக்கு வேண்டாம்.

கேமராவை வைக்க அம்மாவின் பழைய அலுமினியத் தட்டு. அதற்குள் ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்த ஒரு மூட்டை, அதன் மேல் லென்ஸ். ஈர வரப்பில் தட்டு சத்தமில்லாமல் வழுக்கிப் போகும், லென்ஸில் சேறும் படாது. மூட்டைக்குள் முதலில் அரிசி போட்டேன். ஒரு மழையில் நனைந்து புளித்து, அடுத்த வாரம் பையைத் திறந்தபோது மயக்கமே வந்துவிட்டது. இப்போது பாலித்தீன் பையில் கட்டிய மணல். இரவு ஏர்கான் அறையில் தூங்குகிறவர்கள் கேமராவை முந்தின இரவே வெளியே வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் விடியற்காலை ஈரத்தில் லென்ஸ் வேர்த்துக்கொண்டே இருக்கும், குருவி வந்து போய்விடும்.

எப்போது போவது என்பதற்கு அலை அட்டவணை பார்க்க வேண்டியிருந்தது. கடல் ஏறும் ஏற்றத்தில் உப்புத் தண்ணீர் தோட்டத்துக்குள் வராமல் கேட்டை மூடுவார்கள், அது இறங்கும் வற்றத்தில் திறந்து பாரிட் தண்ணீரை வெளியே விடுவார்கள். வற்றத்தில்தான் சேறு தெரியும், சேறு தெரிந்தால் நண்டு வரும், நண்டு வந்தால் நம் ஆள் சட்டத்தை விட்டு நகரவே மாட்டார். வெளிச்சத்துக்கு வேறொரு கணக்கு. இங்கே சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கிறது. மரங்களைத் தாண்டி கேட்டின் மேல் வெயில் விழ மணி 8.10 ஆகிவிடும். ஒன்பதரைக்கு மேல் வெயில் தலைக்கு ஏறி, குருவியின் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்துவிடும். ஆக, 8.10இலிருந்து ஒன்பதரைக்குள் வற்றம் இருக்க வேண்டும். அலையோ தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்திக்கொண்டே போகிறது. இரண்டும் சேர்ந்து வருவது ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு மூன்று நாள். அந்த நாட்களில் எனக்குக் காலை ஷிப்டு வந்தால் அதுவும் போச்சு. ஐந்து மாதம் ஆனதன் ரகசியம் இதுதான்.

நடுவில் ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். துருப்பிடித்த இரும்பில் குருவி உட்கார்ந்தால் அழகில்லை என்று தோன்றி, பழைய ரப்பர் மரத்திலிருந்து பாசி பிடித்த கிளை ஒன்றைக் கொண்டுவந்து வரப்பில் நட்டேன். ஒன்பது நாள். கிளையில் தவிட்டுக் கொக்கு உட்கார்ந்தது, மைனா உட்கார்ந்தது, ஒரு நாள் குரங்குகூட வந்து ஆட்டிப் பார்த்தது. மீன்கொத்தி மட்டும் இரும்பை விட்டு அசையவில்லை. அதன் கணக்கு அதற்கு. சட்டத்திலிருந்துதான் நண்டுப் பொந்துகள் நேர்கீழே தெரிகின்றன. கிளையைப் பிடுங்கிவிட்டேன். ஓணானை நூலில் கட்டி வைத்து வரவழைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அதையும், எலிக்காகத் தோட்டத்தார் வைத்த கூகைப் பெட்டிக்குள் குஞ்சு இருக்கும்போது ஃபிளாஷ் அடிப்பதையும் கண்டால் எனக்கு ஆகாது.

இனி கேமரா. நிழல் அடர்ந்த பின்னணியைப் பார்த்து, 'இருட்டாக இருக்கிறது' என்று கேமரா வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிவிடுகிறது. அதில் முதலில் பலியாவது குருவியின் வெள்ளைக் கழுத்து. வெள்ளைத் தாளாக வெளுத்துவிட்டால் பிறகு எந்த மென்பொருளாலும் அதில் ஒரு இறகைக்கூட வரவழைக்க முடியாது. அதனால் வெளிச்சத்தை ஒரு படி குறைத்து வைத்தேன். தலை கொஞ்சம் இருண்டால் பரவாயில்லை, கேமரா பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் இருட்டிலிருந்து மீட்கலாம், வெளுப்பிலிருந்து முடியாது. சட்டர் 1/1000 நொடி, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 800.

கடைசி வற்றத்தில் இரண்டு காலையில் 412 படம். இவற்றைக் கழிப்பதற்கு மூன்று தடவை ஓட்டினேன். முதல் ஓட்டத்தில் கண் மங்கியதெல்லாம் போயிற்று. இரண்டாவதில் தலை அந்தப் பக்கம் திரும்பியவை. தலை நம் பக்கம் துளி திரும்பியிருந்தாலே போதும், நம்மோடு இருப்பது போல இருக்கும். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பினால் முதுகைக் காட்டிக்கொண்டு போவது போலாகிவிடும். மூன்றாவது கொஞ்சம் வேடிக்கை. நல்ல படம் என்று நினைத்துப் பெரிதாக்கினால் கண்ணில் பால் படர்ந்தது போல இருக்கும். பறவைகளுக்கு இமை இரண்டுக்கும் உள்ளே மூன்றாவதாக ஒரு மெல்லிய இமை குறுக்கே வந்து போகிறது, அது பாதியில் மாட்டிய படங்கள். கடைசியில் மிஞ்சியது ஒன்பது. அதில் ஒன்றில் குருவி கழுத்தைத் தாழ்த்தி, கீழே ஒரு நண்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. நண்டும் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு படத்தில் இருந்தது. எடுக்கும்போது நான் அதைக் கவனிக்கவே இல்லை.

ரா கோப்பைத் திருத்தும் டார்க்டேபிள் மென்பொருளில் இதற்கு ஆன வேலை இருபது நிமிடம். அதில் பாதி நேரம் நிறத்துக்கே போனது. தோட்டத்துக்குள் வெளிச்சமே பச்சை, ஓலையிலும் புல்லிலும் பட்டுத் தெறித்துத்தான் வருகிறது. குருவியின் வெள்ளைக் கழுத்தில் பச்சை ஏறியிருந்தது. வெள்ளைதானே என்று கழுத்தில் சொடுக்கி நிறத்தைச் சமன் செய்தால் படம் முழுக்க ரோஜா நிறமாகிவிட்டது, வானமே கூச்சப்பட்டது மாதிரி. ஏனென்றால் கழுத்தின் கீழ்ப்பகுதிக்குத்தான் புல்லின் பச்சை அதிகம், மற்ற இடங்களுக்கு அவ்வளவு இல்லை. பிறகு கேட்டுக்குப் பக்கத்திலிருக்கும் சிமெண்டுத் தூணில், நேர் வெயில் படும் இடத்தில் சொடுக்கினேன். சாம்பல் சாம்பலாகவே நின்றது. கழுத்தில் மிஞ்சிய பச்சையை அந்த இடத்துக்கு மட்டும் ஒரு மறைப்பு வரைந்து பாதியாகக் குறைத்தேன். முழுக்க எடுக்கவில்லை. புல்லுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் குருவியின் கழுத்தில் கொஞ்சம் பச்சை இருக்கத்தான் வேண்டும்.

நீலத்தைத் தொடவில்லை. மணிமணியாக இருந்த, நாய்ஸ் என்னும் புள்ளி இரைச்சலைப் பின்னணியில் மட்டும் தேய்த்தேன், குருவியின் மேல் தேய்த்தால் இறகு மெழுகாகிவிடும். கூர்மையைக் கண்ணுக்கும் அலகுக்கும் மட்டும், அதுவும் பிரின்ட் அளவுக்குச் சுருக்கிய பிறகு கடைசியில். சக்கரத்தின் தண்டு ஒரு டிகிரி சாய்ந்திருந்ததை நிமிர்த்தினேன். சாய்ந்த கேட் இருந்தால் தண்ணீர் வழிந்து ஓடுகிற மாதிரி ஒரு உறுத்தல்.

வெட்டுவதற்கு முன் சின்னதாக ஒரு பிரின்ட் போட்டு, இரண்டு ட-வையும் எடுத்தேன். தலைகீழாக. கை பழக்கத்தில் முதலில் இறுக்கியது, பிறகு விட்டது. கடைசியில் நின்ற இடத்தில் படம் 4800க்கு 3200. குருவி இடப்பக்கம் மேலே, நண்டு வலப்பக்கம் கீழே, இரண்டுக்கும் நடுவில் துருவேறிய இரும்பும் அந்த வெள்ளை எண்ணும். 12 அங்குலத்துக்கு அங்குலத்தில் 400 புள்ளி, தேவைக்கு மேலே. குருவி படத்தின் அகலத்தில் பாதிதான். ஆனாலும் கண் முதலில் அங்கேதான் போகிறது, பிறகு அதன் பார்வையைப் பிடித்துக்கொண்டு நண்டுக்கு இறங்குகிறது.

பிரின்ட் போடக் கொடுத்த நாளில், என் திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் படத்தை ஒரு முறை பார்க்கச் சொன்னார் அந்த அண்ணன். பார்த்தேன், தலை கரிக்கட்டையாக இருந்தது. இருட்டறையில் உட்கார்ந்து பளீரென்ற திரையில் திருத்தினால் தாளில் எப்போதும் இருண்டுதான் வரும். கொஞ்சம் தூக்கிக் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தன் இரண்டு ட-வை எடுத்து வைத்துப் பார்த்தார். எந்தப் பக்கமும் நகர்த்தாமல் இழுப்பறையில் போட்டுவிட்டார்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். குருவியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "இந்த கேட்டுல நாங்க வாளி கழுவுவோம்," என்றார்.

படம் ஹாலில் இருக்கிறது. போன வாரம் தோட்டத்தார் வாட்டர்கேட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள், எண்ணையும் புதிதாக எழுதியிருக்கிறார்கள். குருவி மூன்று நாள் வரவில்லை, நாலாம் நாள் வந்து உட்கார்ந்தது. இனி கழுத்தில் ஏறும் பச்சைக்கு வேறு கணக்குப் பார்க்க வேண்டும். சிமெண்டுத் தூணை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள்.